அம்மாவின் பெயரில் என்ன இருக்கிறது?

பெண் அமெரிக்காவில், பிள்ளை ஆஸ்திரேலியாவில் என்று இருக்கும் வீடுகளில், அப்பாவுக்கு 'ரிடயர்' ஆகும் வருஷம் நெருங்க நெருங்க ஒரு பேச்சு ஆரம்பமாகிறது. "நீங்கள் இரண்டு பேரும் அங்கே தனியாக இருந்துகொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? இங்கேயே வந்து விடுங்கள்" என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் டெலிபோனில் பிள்ளை சொல்கிறான். அப்பா "பார்க்கலாம், பார்க்கலாம்" என்கிறார். அம்மாவோ, எத்தனை பாட்டில் ஊறுகாய் கொண்டு போகலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்து விடுகிறாள்.

சகோதரிகளே, ஊறுகாய்க் கணக்கைக் கொஞ்சம் ஒத்தி வையுங்கள். அதற்கு முன்னால் போட வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. வயதான தாய் தந்தையரைத் தன் மண்ணில் தங்க விடுவதற்கு முன், எந்த நாட்டுச் சர்க்காரும் ஒரு கேள்வி கேட்கிறது. "இவர்களுக்குச் சோறு போடப் போவது யார்? வைத்தியச் செலவு செய்யப் போவது யார்? அதற்குப் பணம் எங்கே?" இதற்குக் காகிதத்தில் பதில் சொல்வதைத்தான் பண அத்தாட்சி என்கிறார்கள்.

இந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. முப்பது நாற்பது வருஷம் குடித்தனம் நடத்திய பிறகும் பல வீடுகளில் கேட்கப்படாத கேள்வி அது. அம்மாவின் பெயரில் என்ன இருக்கிறது? இந்த வாரம் அதைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவு செய்து கொள்வோம். பெற்றோர்கள் அயல்நாட்டுக்குப் போக இரண்டு விதமான வாசல்கள் உண்டு. ஒரு வாசலில் பிள்ளையின் பணத்தைக் கேட்பார்கள். மற்றொன்றில் பெற்றோரின் சொந்தப் பணத்தைக் கேட்பார்கள். இரண்டையும் போட்டுக் குழப்பிக் கொண்டுதான் பலர் வீணாக அலைகிறார்கள்.

அமெரிக்காவை எடுத்துக் கொள்ளுங்கள். ஓய்வு பெற்றவர்களுக்கென்று தனி விஸா அந்த நாட்டில் கிடையவே கிடையாது. அங்கே குடியுரிமை பெற்ற, 21 வயது நிரம்பிய மகனோ மகளோதான் தாய் தந்தையருக்கு மனுப் போட வேண்டும். 'கிரீன் கார்டு' மட்டும் வைத்திருக்கும் பிள்ளை பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக் கொள்ள முடியாது. மனுப் போடும் பிள்ளை, "இவர்களை நான் ஆதரிப்பேன்" என்று ஒரு பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். அவனுடைய குடும்பத்தில் எத்தனை பேர் என்பதைப் பார்த்து, ஏழ்மைக் கோடு என்று அந்தச் சர்க்கார் வகுத்திருக்கும் வருமானத்துக்கு மேலே 25 சதவிகிதமாவது அவன் சம்பாதிக்கிறான் என்று வருமான வரிக் கணக்கைக் காட்ட வேண்டும். இது வெறும் உபசார வார்த்தை அல்ல. கோர்ட்டில் செல்லும் ஒப்பந்தம். தாயோ தந்தையோ அந்த நாட்டுப் பிரஜையாகும் வரையில், அல்லது ஏறக்குறையப் பத்து வருஷ உழைப்புக் கணக்கு அவர்கள் பெயரில் சேரும் வரையில், அந்தக் கையெழுத்து பிள்ளையைக் கட்டுப்படுத்தும். பெற்றோர் காலமானாலோ, அந்த நாட்டை நிரந்தரமாக விட்டு வந்து விட்டாலோ முடியும்.

இதில் கவனிக்க வேண்டிய வேடிக்கை ஒன்று உண்டு. அப்பாவுக்குப் போடும் மனுவிலேயே அம்மாவையும் சேர்த்துக் கொள்ள முடியாது. அம்மாவுக்குத் தனி மனு, தனிக் கட்டணம், தனிப் பரிசோதனை. "நான் அவரோடு கூடப் போகிறவள்தானே!" என்று நம் வீட்டு அம்மாள் சொல்லலாம். அமெரிக்கச் சர்க்கார் அவளைத் தனி மனுஷியாகத்தான் எண்ணுகிறது.

கனடா தேசத்திலும் இப்படியே. 2011-ஆம் வருஷம் டிசம்பரில் அங்கே 'ஸூப்பர் விஸா' என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். பத்து வருஷம் வரை போய் வரலாம். 2022 ஜூலை முதல் ஒரு தடவை போனால் ஐந்து வருஷம் வரை தங்கலாம். அழைக்கிற பிள்ளையோ பேரனோ குறைந்தபட்ச வருமானத்தைக் காட்ட வேண்டும். அதோடு, தலைக்கு ஒரு லட்சம் கனடா டாலருக்குக் குறையாமல் ஒரு வருஷத்துக்கு வைத்திய இன்ஷ்யூரன்ஸும் எடுத்தாக வேண்டும். அம்மாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. இதுவும் நிரந்தரக் குடியேற்றம் அல்ல, நீண்ட விருந்துதான்.

ஆஸ்திரேலியாவில் பணத்தைக் கேட்பதற்கு முன் பிள்ளைகளை எண்ணுகிறார்கள்! பெற்ற பிள்ளைகளில் குறைந்தது பாதிப் பேராவது அங்கே நிரந்தரமாக வசிக்க வேண்டும். அல்லது வேறு எந்த ஒரு நாட்டில் இருப்பவர்களைக் காட்டிலும் அங்கே அதிகம் பேர் இருக்க வேண்டும். அதில் தேறினால், சீக்கிரம் கிடைக்கக் கூடிய பெற்றோர் விஸாவுக்குத் தலைக்கு 40,000 ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல் கட்டணம். அதற்கு மேல் பிள்ளையோ வேறொருவரோ ஜாமீன் நிற்க வேண்டும். பெற்றோரில் ஒருவருக்கு 10,000 டாலர், மற்றவருக்கு 4,000 டாலர் என்று பத்து வருஷத்துக்கு அந்த ஜாமீன் முடங்கிக் கிடக்கும். சீக்கிரம் என்று சொன்னேனே, அதுவும் பல வருஷக் காத்திருப்புத்தான். கட்டணம் குறைந்த இன்னொரு வரிசை இருக்கிறது. அதில் நிற்கிறவர்களுக்கு முறை வர முப்பது வருஷம் ஆகலாம் என்கிறார்கள். அறுபது வயதில் வரிசையில் நின்றால் தொண்ணூறில் விஸா!

இனி இரண்டாவது வாசல். இங்கே பெற்றோரின் கைக்காசைப் பார்க்கிறார்கள். தாய்லாந்தில் 50 வயது நிரம்பியவர்கள் ஓய்வுக் காலத்தைக் கழிக்க வருஷா வருஷம் அனுமதி பெறலாம். பாங்கியில் 8,00,000 பாட் இருக்க வேண்டும். அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் வேண்டும். அங்கே இருந்துகொண்டே அனுமதியைப் புதுப்பிப்பவர்கள், மனுப் போடுவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே அந்தப் பணத்தைக் கணக்கில் வைத்திருக்க வேண்டும். அனுமதி கிடைத்து மூன்று மாதம் வரை அதைத் தொடக் கூடாது. பிறகும் பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது.

மலேயாவை நம் ஜனங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மலேசியாவில் 2002-இல் தொடங்கிய 'இரண்டாவது வீடு' என்ற திட்டம் 2021-இலும் 2024-இலும் அடியோடு மாறிவிட்டது. இப்பொழுது வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று நகைக் கடை போல் மூன்று படிகள் வைத்திருக்கிறார்கள். வெள்ளிப் படிக்கு 1,50,000 அமெரிக்க டாலர் டிபாஸிட், தங்கத்துக்கு 5,00,000, பிளாட்டினத்துக்கு 10,00,000. போதாததற்கு அங்கே ஒரு வீடும் வாங்கியாக வேண்டும்.

நியூஸிலாந்தில், அங்கே பிள்ளை குடியேறியிருக்கும் பெற்றோர்களுக்கென்றே ஓய்வு விஸா ஒன்று உண்டு. 10 லட்சம் நியூஸிலாந்து டாலரை நான்கு வருஷத்துக்கு முதலீடாகப் போட வேண்டும். குடித்தனம் நடத்தத் தனியாக 5 லட்சம் வேண்டும். வருஷ வருமானமாக 60,000 டாலர் வேண்டும். இது லட்சுமி கடாட்சம் நிரம்பிய வீடுகளுக்கே சாத்தியம்.

இந்த வாசல்கள் என்றைக்கும் திறந்தே இருக்கும் என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் வசதியுள்ள ஓய்வுக்காரர்களுக்கு ஒரு வழி இருந்தது. 2008-இல் அதை அடைத்து விட்டார்கள். 2012 ஜூலைக்குப் பிறகு, பிறர் உதவியில்லாமல் அன்றாடக் காரியங்களைச் செய்துகொள்ள முடியாத பெற்றோருக்கு, அதுவும் சொந்த ஊரில் அந்தப் பராமரிப்புக் கிடைக்காது என்று நிரூபித்தால்தான், அங்கே போய்ச் சேர்ந்திருக்க வழி. ஆஸ்திரேலியாவும் பணமுள்ள ஓய்வுக்காரர்களுக்கு வைத்திருந்த முதலீட்டு விஸாவை 2018-இல் மூடிவிட்டது. ஆகையால் பக்கத்து வீட்டு மாமி பத்து வருஷத்துக்கு முன் போன வழியைக் கேட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள். அந்தந்த நாட்டுக் குடியேற்ற இலாகாவின் இன்றைய விதியைப் பிள்ளையைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, எவ்வளவு பணம் என்பது தெரிந்து விட்டது. பரிசீலனை செய்யும் அதிகாரி அத்தோடு நிற்பதில்லை. யாருடைய பணம், எவ்வளவு நாளாக இருக்கும் பணம், எங்கிருந்து வந்த பணம் என்ற மூன்றையும் பார்க்கிறார். மைத்துனரிடம் கைமாற்று வாங்கி, ஒரு வாரம் கணக்கில் போட்டுக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்து விடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அது யோசனை அல்ல, மோசம். நேற்று வந்து விழுந்த பெரிய தொகைக்கு விற்ற பத்திரம் எங்கே, பிராவிடண்ட் பண்டு கணக்கு எங்கே என்று கேட்பார்கள். பொய் என்று ஒரு தடவை தெரிந்து விட்டால், இந்த மனு போவதோடு அடுத்த மனுவின் மேலும் அந்தக் கறை ஒட்டிக் கொள்ளும்.

'யாருடைய பணம்?' என்ற கேள்வியில்தான் நம் வீடுகள் தடுமாறுகின்றன. பென்ஷன் அப்பாவின் பெயரில். டிபாஸிட் அப்பாவின் பெயரில். வீடும் அவர் பெயரில். அம்மாவின் பெயரில் இருப்பது ஒரு சேமிப்புக் கணக்கு. அதில் தீபாவளிக்குத் தீபாவளி விழும் ஆயிரம் இரண்டாயிரம். "எல்லாம் அவர் பார்த்துக் கொள்வார்" என்பது அன்பின் வார்த்தைதான். விஸா ஆபீஸில் அது அத்தாட்சியாகாது.

இதற்கு ஒரு சின்னக் கணக்குச் சொல்கிறேன். இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதி வருஷத்தில், அதாவது ஏப்ரல் முதல் மார்ச் வரையில், 2,50,000 அமெரிக்க டாலர் வரை அயல்நாட்டுக்கு அனுப்ப ரிஸர்வ் பாங்கி அனுமதிக்கிறது. இந்த வரம்பு குடும்பத்துக்கு அல்ல, ஆளுக்கு. ஐந்து லட்சம் டாலர் அனுப்ப வேண்டிய குடும்பத்தில் பணம் முழுவதும் அப்பாவின் பெயரில் இருந்தால், பாதியை அனுப்பிவிட்டு அடுத்த ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டும். அம்மாவுக்கும் சொந்தத்தில் பணமும் பான் அட்டையும் இருந்தால், ஒரே வருஷத்தில் காரியம் முடியும்.

இன்னொன்றும் கேளுங்கள். 2025 ஏப்ரல் முதல் உள்ள விதிப்படி, படிப்பு, வைத்தியம் தவிர்த்த மற்றக் காரியங்களுக்கு ஒருவர் வருஷத்தில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பினால், மேற்பட்ட தொகைக்கு 20 சதவிகிதத்தைப் பாங்கி வரியாகப் பிடித்து வைக்கிறது. அது போன பணமல்ல. வருமான வரிக் கணக்குக் கொடுக்கும்போது சரிக்கட்டிக் கொள்ளலாம், மிச்சம் இருந்தால் திரும்ப வாங்கலாம். ஆனால் கணக்குக் கொடுத்தால்தானே? அம்மாவின் பெயரில் அனுப்பிவிட்டு, அம்மாவின் பெயரில் கணக்குக் கொடுக்காமல் விட்டால் அந்தப் பணம் சர்க்கார் கஜானாவிலேயே தூங்கும்.

நல்ல வார்த்தை இல்லை என்றாலும், அடுத்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஓய்வு விஸாக்களில் பெரும்பாலும் கணவர் முதல் மனுதாரர். மனைவி அவரைச் சார்ந்தவள். டிபாஸிட் அவர் ஒருவர் பெயரிலேயே இருந்து, அந்நிய மண்ணில் அவருக்கு ஏதாவது நேர்ந்து விட்டால் என்ன ஆகும்? அவர் கணக்கு முடங்கும். வாரிசு என்று நிரூபித்த பிறகுதான் பாங்கி பணத்தை விடும். அவர் விஸாவைப் பிடித்துக் கொண்டு இருந்தவளுக்கு, அடுத்த தடவை அனுமதியைப் புதுப்பிக்க ஆதாரம் இல்லாமல் போகும். பாஷை தெரியாத ஊரில், துக்கத்தோடு துக்கமாக, கையில் காசு இல்லாமல் அவள் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்க வேண்டுமா? இதைத் தவிர்ப்பதற்கு வேண்டியது, ஊரில் இருக்கும்போதே ஒரு நாள் காலை பாங்கிக்குப் போய்ப் போடும் நாலு கையெழுத்துத்தான்.

ஆகவே கிளம்புவதற்கு ஒரு வருஷம் இருக்கும்போதே செய்ய வேண்டியவற்றைக் கேட்டுக் கொள்ளுங்கள்.

முதலாவது, பெயர். நம் பெண்களுக்குப் பிறந்த வீட்டில் தகப்பனார் இனிஷியல். புகுந்த வீட்டில் புருஷன் இனிஷியல். பள்ளிக்கூட ஸர்டிபிகேட்டில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் 'அம்மாள்' சேர்ந்து இன்னொரு பெயர். பாஸ்போர்ட், ஆதார், பான், பாங்கிக் கணக்கு நான்கிலும் ஓர் எழுத்துக் கூட மாறாமல் ஒரே பெயர் இருக்கட்டும். வேறு பெயருள்ளவளின் பணம் உங்கள் பணம் என்று அதிகாரிக்கு எப்படித் தெரியும்?

இரண்டாவது, கல்யாணம். தமிழ்நாட்டில் எல்லாக் கல்யாணங்களையும் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் 2009-இல்தான் வந்தது. அதற்கு முன்னால் நடந்த கல்யாணங்களுக்குப் பல வீடுகளில் சாட்சி ஆல்பமும் அழைப்பிதழுமே. மணையில் உட்கார்ந்து நாற்பது வருஷம் ஆனாலும், இந்துக்கள் 1955-ஆம் வருஷத்து இந்து விவாகச் சட்டப்படி இப்போதும் பதிவு செய்து கொள்ளலாம். சஷ்டியப்த பூர்த்திக்கு முதல் நாள் ரிஜிஸ்திரார் ஆபீஸில் மாலையும் கழுத்துமாக நின்றால்தான் என்ன குறைந்து விடும்?

மூன்றாவது, கணக்கு. டிபாஸிட்டுகளில் ஒரு பங்கையாவது அம்மாவின் பெயருக்கு மாற்றுங்கள். மற்றவற்றை, இருவரில் ஒருவரோ உயிருடன் இருப்பவரோ எடுக்கலாம் என்ற முறையில் கூட்டுக் கணக்காக்குங்கள். வாரிசு நியமனத்தையும் எழுதி வையுங்கள். புருஷன் மனைவிக்குக் கொடுக்கும் வெகுமதிக்கு வரி கிடையாது. ஆனால் அந்தப் பணத்தில் வரும் வட்டியைப் புருஷனுடைய வருமானத்தோடு சேர்த்துத்தான் கணக்குப் பார்ப்பார்கள் என்பதை மறந்து விடாதீர்கள்.

நான்காவது, பென்ஷன். குடும்பப் பென்ஷனுக்குரியவளாக அம்மாவின் பெயரும் பிறந்த தேதியும் பென்ஷன் உத்தரவில் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். சர்க்கார் பென்ஷன்காரர்கள் வருஷந்தோறும் உயிருடன் இருப்பதற்கான அத்தாட்சியைக் கொடுக்க வேண்டும். மத்திய சர்க்காரில் அதற்கு மாதம் நவம்பர். அயல்நாட்டில் இருந்தால் இந்தியத் தூதராலயத்திலும் அதை வாங்கிக் கொள்ளலாம். நிரந்தரமாகக் குடிபெயர்ந்த பிறகு சாதாரணச் சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவருக்குரிய கணக்காக மாற்ற வேண்டும் என்பதையும் பாங்கியில் சொல்லி வைப்பது நல்லது.

ஐந்தாவது, வீடு. விஸா கைக்கு வரும் முன் வீட்டை விற்காதீர்கள். மலேசியாவிலும் நியூஸிலாந்திலும் முதலில் கொள்கையளவில் சம்மதக் கடிதம் கொடுத்து, பிறகே பணத்தைக் கொண்டுவரச் சொல்லுகிறார்கள். விஸா வந்த பின்னும், முடிந்தால் ஒரு சின்னக் கூரையை ஊரில் வைத்துக் கொள்ளுங்கள். பனி ஒத்துக் கொள்ளாமல் திரும்பி வருகிறவர்கள் உண்டு. பேரன் பள்ளிக்கூடம் போன பிறகு பகல் முழுவதும் பேச ஆளில்லாமல் திரும்பி வருகிறவர்களும் உண்டு. திரும்பி வர ஓர் இடம் இருக்கிறது என்றாலே போன இடத்தில் மனசு நிலைக்கும்.

வீட்டைப் பிள்ளை பெயருக்கு எழுதி வைத்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும் என்று யாராவது சொன்னால், நிதானியுங்கள். எழுதித்தான் ஆக வேண்டுமானால், 'எங்களைக் கடைசி வரை பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். 2007-ஆம் வருஷத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி, அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தை ரத்து செய்யும்படி தீர்ப்பாயத்தில் கேட்கலாம். பிள்ளை மேல் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு உட்காரும்போது இலை போடுவது சந்தேகத்தினாலா? முறை அது.

"இந்த வயதில் எனக்கென்று தனிக் கணக்கு கேட்டால் அவர் என்ன நினைப்பார்? பிள்ளை என்ன நினைப்பான்?" என்று தயங்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. கேட்பது நீங்கள் அல்ல. போகப் போகும் நாட்டின் சர்க்கார் கேட்கிறது. அந்தச் சாக்கை வைத்துக் கொண்டாவது கேட்டு விடுங்கள். அப்பாக்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் மனைவி ஐந்து ரூபாயில் நடக்க வேண்டிய குடும்பத்தை மூன்று ரூபாயில் நடத்தி மிச்சம் பிடித்ததால்தான் அந்த டிபாஸிட் ரசீதே உங்கள் பெயரில் வந்தது. அவள் பெயரையும் அதில் எழுதுவது தர்மம் அல்ல, பாக்கியைத் தீர்ப்பது.

பிள்ளைகளே, பெண்களே! டிக்கெட் வாங்குவதற்கு முன் ஊருக்கு ஒரு தடவை வந்து போங்கள். அம்மாவைப் பாங்கிக்கு அழைத்துக் கொண்டு போய், எந்தக் காகிதம் எதற்கு என்று அவளுக்கே விளங்கும்படி சொல்லுங்கள். அங்கே போய்ச் சேர்ந்த பின், பாஸ்போர்ட்டும் பாங்கிப் புத்தகமும் உங்கள் மேஜை அறையில் அல்ல, அவளுடைய கைப்பெட்டியில் இருக்கட்டும். எந்த ஊரில் இருந்தாலும் தன் பெயரில் ஒரு கணக்கு உண்டு, தன் கையெழுத்துச் செல்லும் என்று தெரிந்தவள்தான் விருந்தாளியாக இல்லாமல் வீட்டு மனுஷியாக இருப்பாள்.